ஹபீபா பீவியின் மெதுவான நாடி

சூலியா தெருவிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு சந்தில் ஹபீபா பீவியின் வீடு இருந்தது. இரண்டு அறை, ஒரு பின்கட்டு. அந்தப் பின்கட்டில் கிடந்த அம்மிதான் குடும்பத்துக்குச் சோறு போட்டது. கணவன் நூர் முகம்மது துறைமுகத்தில் சரக்கு இறக்குகிறவன்; மகள் ஷரீஃபா பால்குடி மறக்கும் முன்பே காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தான். கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தா காலம் முடிந்ததும் அம்மியின் முன் உட்கார்ந்தவள், மகள் வளர்ந்து, கல்யாணமாகி, முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டு தாய்வீட்டுக்கு வந்த பிறகும் அந்த இடத்தை விட்டு எழவில்லை.

கடையநல்லூரிலிருந்து வந்த பெண்கள் பலர் அப்போது பினாங்கில் இந்த வேலையைத்தான் செய்தார்கள். மிளகாயும் மல்லியும் மஞ்சளும் தனித்தனியாக அரைத்து, சோற்றுக்கடைக்காரர்களுக்கு வாழையிலையில் உருண்டை உருண்டையாக வைத்துக் கொடுக்க வேண்டும். மலாய்க்காரர் வீட்டு மீன்குழம்புக்கு என்றால் லெங்குவாஸ் என்கிற அரத்தையும் செராய் என்கிற எலுமிச்சைப்புல்லும் சேர வேண்டும். ஹபீபா பீவியின் கைப்பக்குவத்துக்கு ஒரு பெயர் இருந்தது. அவள் அவசரப்பட மாட்டாள். பாசாருக்கு, அதாவது சந்தைக்குப் போகிற பெண்கள் வாசலில் நின்று துரிதப்படுத்தினாலும், குழவி தன் போக்கில்தான் உருளும். "அவசரமா வேணும்னா பக்கத்து வீட்டுக்குப் போலா. ருசியா வேணும்னா நில்லு" என்பாள். நிற்பார்கள்.

மேட்டில் ஏறினால் மட்டும் மற்றவர்களுக்கு முன்னால் அவளுக்கு மூச்சு வாங்கும். ஆயர் ஈத்தாமில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து போனாள். உட்கார்ந்தே வேலை செய்கிற உடம்பு, நடை பழகவில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

வாழ்க்கையில் அவளுக்கு இருந்த ஆசை ஒன்றுதான். ஹஜ்ஜுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு வருடமும் நோன்புப் பெருநாள் கழிந்ததும் ஆச்சே தெரு முழுக்கப் பயணிகள் வந்து நிறைவார்கள். கெடாவிலிருந்தும் பேராக்கிலிருந்தும் பாயும் பெட்டியுமாக வந்து கப்பலுக்குக் காத்திருப்பவர்களை அவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அவர்களுக்குக் கப்பலில் கெட்டுப்போகாத வறுத்த மசாலாவை அரைத்துக் கொடுத்ததே அவள்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருடம் அவளுடைய முறை வந்தது. சூலியா தெருவில் தொப்பியும் அத்தரும் விற்கிற தம்பி அப்துல் காதர், "இந்த வருசம் நானும் வர்றேன்கா. நீ தனியாப் போக முடியாதுல்ல, நான்தானே உனக்குத் துணை" என்றான். இருவரும் ஆச்சே தெருவில் ஹஜ்ஜுப் பயணம் ஏற்பாடு செய்யும் ஷேக்கிடம் பெயர் கொடுத்தார்கள். அம்மை ஊசியும் காலரா ஊசியும் போட்டுக்கொண்டு வரச் சொன்னார் ஷேக்.

ஊசி போடப் போன நாள் திங்கட்கிழமை. ஹபீபா பீவி அன்று, கட்டாயமில்லாத சுன்னத்தான நோன்பு வைத்திருந்தாள். ஊசி நோன்பை முறிக்காது என்று பள்ளிவாசலில் கேட்டுத் தெரிந்துகொண்டே போனாள். டிஸ்பென்சரியில் கூட்டம். வெயிலில் நீண்ட நேரம் நின்றாள். ஊசி குத்தியதும் எழுந்தவள், கதவு வரைக்கும் நடந்து, நிலைப்படியைப் பிடித்தபடியே சரிந்தாள்.

கண் விழித்தபோது ஒரு பெஞ்சில் படுத்திருந்தாள். டாக்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சட்டைப்பைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இளைஞர். நெற்றியில் வேர்வை. ஒருமுறை எண்ணி முடித்துவிட்டு மறுபடியும் எண்ணினார். பிறகு அந்தக் கையை விட்டுவிட்டு மற்றக் கையைப் பிடித்து எண்ணினார்.

"எனக்கு ஒண்ணுமில்லை டொக்டர். நோன்புலா" என்றாள் ஹபீபா பீவி.

டாக்டர் கூட வந்திருந்த அப்துல் காதரைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார். திரும்பி வந்த தம்பியின் முகத்தில் சுரத்தே இல்லை. வீட்டுக்கு வரும் வழி முழுக்க அவன் ரிக்‌ஷாக்காரனிடம் மெதுவாகப் போகச் சொல்லிக்கொண்டே வந்தான்.

"என்னடா சொன்னாரு?"

"பலவீனம்தானாம். ஓய்வெடுக்கச் சொன்னாரு."

மறுநாள் காலையில் ஹபீபா பீவி பின்கட்டுக்குப் போனால் அம்மிமேல் குழவி இல்லை. வீடு முழுக்கத் தேடினாள். குழவியைத் திருடுகிற திருடன் எந்த ஊரில் இருக்கிறான் என்று ஷரீஃபாவிடம் கேட்டாள். ஷரீஃபா சேலை முந்தானையைச் சுருட்டிக்கொண்டே நின்றாள். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. முந்தின நாள் சாயங்காலம் அப்துல் காதர் வந்து, குழவியைச் சாக்கில் சுற்றித் தன் கடைக்குத் தூக்கிப் போயிருக்கிறான். போகிற வழியில் ஷேக்கிடமும் பயணம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

அவனை ஆள் அனுப்பி வரவழைத்தாள். வந்தவன் கொஞ்ச நேரம் மழுப்பினான். அவள் குரலை உயர்த்தியதும் தரையில் உட்கார்ந்து முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டான்.

"உன் நெஞ்சு பாதிதான் துடிக்குதாம்கா. எல்லாருக்கும் எழுபது துடிச்சா உனக்கு முப்பத்தெட்டுதானாம். மூணு தடவை எண்ணிட்டாரு. இப்படி இருக்கிறவங்களுக்குத் திடீர்னு நின்னுடுமாம். இன்னிக்கோ நாளைக்கோன்னு சொல்ல முடியாதாம். கப்பல்ல ஏத்தினா நடுக்கடல்ல போட்டுட்டு வரணும்னு சொன்னாரு."

ஹபீபா பீவி அழவில்லை. எழுந்து போய்ப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தாள். பிறகு தம்பிக்கும் ஒரு குவளை கொண்டு வந்து கொடுத்தாள்.

அன்று மத்தியானம் கட்டிலில் படுத்தபோதுதான் அவள் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் தன் நெஞ்சைக் கவனித்துக் கேட்டாள். ஒரு அடி. பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடம் நீண்டுகொண்டே போனது. அடுத்தது வருமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். வந்தது. பிறகு மறுபடியும் அதே வெறுமை. நாற்பத்து நான்கு வருடமாக இந்த இடைவெளிகளுக்குள்தான் அவள் சமைத்தாள், அரைத்தாள், பிள்ளை பெற்றாள், சிரித்தாள். ஒரு நாளும் அவற்றைக் கேட்டதில்லை. இப்போது அவற்றைத் தவிர வேறு எதுவும் காதில் விழவில்லை.

உடம்பு அந்தப் பயத்துக்கு ஏற்றபடி வளைந்துகொண்டது. சோறு இறங்கவில்லை. எழுந்து நடந்தால் தலை சுற்றியது. படுத்தே கிடந்ததில் கைகள் தளர்ந்தன. ஷரீஃபா அடிக்கடி வந்து மூக்கின் அருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டுப் போனாள். தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு ஹபீபா பீவி அதையும் தெரிந்துகொண்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் வெளியே புறப்பட்டாள். வாடிக்கைக்காரர்கள் வீடு வீடாகப் போய், "நான் தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச குத்தத்தை மன்னிச்சிடுங்க" என்று கேட்டாள். மௌத்து என்கிற சாவுக்கு முன் மனிதர்களிடம் கணக்கைத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவள் எண்ணம். ஆனால் ஹஜ்ஜுக்குப் போகிறவர்களும் இதே வார்த்தையைத்தான் சொல்லி விடைபெறுவார்கள். பயணம் நின்றுபோன செய்தி யாருக்கும் தெரியாது. அதனால் எல்லோரும் முகம் மலர்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மலாய்க்காரர் குடியிருப்பான கம்பத்திலிருந்து மீன்குழம்பு மசாலா வாங்க வருகிற காமாரியா அவளைக் கட்டியணைத்து, தன் மகனுக்கு நல்ல புத்தி வர கஅபாவின் முன் நின்று துஆ கேட்கச் சொன்னாள்.

ஹபீபா பீவியால் மறுக்க முடியவில்லை. "கேக்குறேன்" என்றாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதது அன்றைக்குத்தான்.

அந்த அழுகையைப் பார்த்ததும் ஷரீஃபா ஒரு முடிவுக்கு வந்தாள். மாதாமாதம் பிள்ளையைப் பரிசோதித்துக்கொள்ள அவள் போகிற ஆஸ்பத்திரியில் கார்த்திகேசு என்று ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர் இருந்தார். நெஞ்சு நோய்க்காரர்களைத் தனியாகப் பார்க்கிறவர். அங்கே புதிதாக ஒரு மிஷின் வந்திருக்கிறது, நெஞ்சைப் படம் பிடிக்கிறது என்று நர்சுகள் பேசிக்கொண்டதை ஷரீஃபா கேட்டிருந்தாள்.

"அம்மா, எனக்கு ஒரு பயம் இருக்கு. உங்களுக்கு இருக்கிறது என் பிள்ளைக்கும் இருந்துட்டா? எனக்காகவாச்சும் வாங்க."

தனக்காக என்றால் ஹபீபா பீவி போயிருக்க மாட்டாள். பேரப்பிள்ளைக்காக என்றதும் எழுந்து முக்காடு போட்டுக்கொண்டாள்.

டாக்டர் கார்த்திகேசு நரைத்த மீசையும் மெதுவான பேச்சும் உள்ள மனிதர். முதலில் நாடியைத் தொடவே இல்லை. எங்கே பிறந்தது, என்ன வேலை, எத்தனை பிள்ளை பெற்றது என்று ஒவ்வொன்றாக விசாரித்தார்.

"முந்தி எப்பவாவது நிண்டபடியே மயங்கி விழுந்திருக்கிறியளோ?"

"ஊசி போட்ட அன்னிக்குத்தான். அதுக்கு முன்ன கிடையாது."

"அண்டைக்குச் சாப்பிட்டியளோ?"

"நோன்பு."

"நோன்போடை வெய்யிலிலை நிண்டு ஊசியும் போட்டால் நானும் விழுந்திருப்பன். சரி, சின்ன வயசிலை யாராவது உங்கடை நாடியைப் பார்த்து ஏதும் சொன்னவையோ? யோசிச்சுச் சொல்லுங்கோ."

ஹபீபா பீவி யோசித்தாள். பிள்ளை வயதில் கப்பலில் வந்து இறங்கியதும், பயணிகளை எல்லாம் பூலாவ் ஜெரஜாக்கில் நோய்த்தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். அங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டர் அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் மாறி மாறிப் பிடித்துப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற டிரெஸ்ஸர், டாக்டரின் உதவியாள், அவளுடைய அத்தாவைப் பார்த்துச் சிரித்து, "உங்க பொண்ணுக்கு எதிலயும் அவசரமே இல்லை போல" என்றான். அத்தா அதை அவளுடைய குணத்தைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொண்டு, வீட்டில் வெகுகாலம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவளும் மறந்துபோயிருந்தாள்.

இதைக் கேட்டதும் டாக்டர் நாற்காலியை இன்னும் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். மணிக்கட்டைப் பிடித்தார். ஆனால் கடிகாரத்தைப் பார்க்காமல் அவள் கழுத்தைப் பார்த்தார். பிறகு ஷரீஃபாவைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, அம்மாவின்ரை இந்தக் கையைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ. துடிக்குதோ? இப்ப இந்தக் கழுத்தைப் பாருங்கோ. இந்த ரத்தக்குழாய் மெல்லிசா அசையுது பாருங்கோ. இரண்டும் ஒண்டோ?"

ஷரீஃபா பார்த்தாள். விரலுக்கு அடியில் நாடி நிதானமாக வந்தது. கழுத்தில் அந்தச் சிறிய அசைவு அதைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியது. ஒன்றுக்கு மற்றொன்று இருப்பதே தெரியாததுபோல இரண்டும் தனித்தனியாக நடந்தன.

"இல்லை டொக்டர். கழுத்துல வேகமா இருக்கு."

"ஓம். கழுத்திலை தெரியிறது நெஞ்சின்ரை மேலறை. கையிலை தெரியிறது கீழறை."

கையால் மாடிப்படியைக் காட்டி, ஏறி இறங்கி வரச் சொன்னார். ஷரீஃபா பதறினாள். ஹபீபா பீவி பயத்தோடுதான் ஏறினாள். இறங்கி வந்தபோது மூச்சு வாங்கியது. ஆனால் நெஞ்சு நிற்கவில்லை. நாடியைப் பார்த்த டாக்டர் தலையை ஆட்டினார். துடிப்பு கூடியிருந்தது. கொஞ்சம்தான், ஆனாலும் கூடியிருந்தது.

பிறகு மிஷின் இருந்த அறைக்குப் போனார்கள். நர்ஸ் உப்புத்தண்ணீரில் நனைத்த துணியை அவளுடைய இரண்டு கைகளிலும் இடது காலிலும் சுற்றி, அதன்மேல் தகட்டை வைத்துக் கட்டினாள். அங்கிருந்து கம்பிகள் ஒரு பெரிய பெட்டிக்குள் போயின.

"உப்பு எதுக்கு?" என்று கேட்டாள் ஹபீபா பீவி. உப்பு போடுகிற விஷயத்தில் அவளுக்கு எப்போதும் அபிப்பிராயம் உண்டு.

"வெறுந்தோல் மின்சாரத்தை விடாது அம்மா. உப்புத்தண்ணி விடும். பயப்பிடாதையுங்கோ, நாங்கள் உங்களுக்குள்ளை ஒண்டும் அனுப்பேல்லை. உங்களுக்குள்ளையிருந்து வாறதைத்தான் பார்க்கப் போறம்."

"எனக்குள்ள மின்சாரமா? டிராம் ஓடுற மின்சாரமா?"

"குணம் அதுதான். அளவு அதிலை ஆயிரத்திலை ஒரு பங்குகூட இல்லை. அதைப் பிடிக்கத்தான் இந்தப் பெட்டிக்குள்ளை சிலந்தி நூலைவிட மெல்லிசா ஒரு இழை இருக்கு. உங்கடை நெஞ்சு ஒவ்வொரு தரம் சுருங்கேக்கையும் அந்த இழை ஆடும். அதின்ரை நிழல் படத்தாளிலை விழும்."

அசையாமல் இருக்கச் சொன்னார்கள். அசையாமல் இருந்தாள். விளக்கு எரிந்தது, பெட்டிக்குள் ஏதோ சுழன்றது, அவ்வளவுதான். தாளைக் கழுவிக் காயவைக்க நேரமாகும் என்று வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஷரீஃபா தாயின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நாடியை எண்ணத்தான் பிடித்திருக்கிறாள் என்று தெரிந்தும் ஹபீபா பீவி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

டாக்டர் ஈரம் முழுவதும் உலராத தாளோடு வந்தார். மேசைமேல் விரித்தார். கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது. அதில் சின்னச் சின்ன மேடுகள் சீராக வரிசை போட்டிருந்தன. அவற்றுக்கு நடுவே, அவற்றோடு ஒட்டாமல், உயர்ந்த கோபுரங்கள் தூரம் தூரமாக நின்றன. சில கோபுரம் மேட்டுக்கு அருகே, சில தள்ளி, ஒன்று மேட்டின் தலைமேலேயே ஏறி நின்றது.

டாக்டர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் பென்சிலால் நான்கு அறை வரைந்தார்.

"மேலை இரண்டு அறை, கீழை இரண்டு அறை. மேலறை கீழறைக்கு ரத்தத்தைத் தள்ளும். கீழறை உடம்புக்கெல்லாம் தள்ளும். இந்தா, வலது மேலறையின்ரை உச்சியிலை புளியங்கொட்டை அளவிலை ஒரு கணு இருக்கு. மின்சாரம் முதல் பிறக்கிறது அங்கைதான். மூளை சொல்லித்தான் பிறக்கும் எண்டில்லை, தானாகவே பிறக்கும். மூளை சொன்னா வேகம் கூடும், குறையும், அவ்வளவுதான். அது மேலறை முழுக்கப் பரவும், மேலறை சுருங்கும். அந்தச் சின்ன மேடு அதுதான்."

"சரி."

"பிறகு நடுவிலை இன்னொரு கணு. வந்த மின்சாரம் அதிலை ஒரு கணம் தங்கித்தான் போகும்."

"ஏன் தங்கணும்?"

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "மேலறை தன்ரை ரத்தம் முழுக்க ஊத்தி முடிக்க வேண்டாமோ? தங்காமல் போனால் கீழறை நிறையிறதுக்கு முன்னமே சுருங்கிப்போகும். தங்கின பிறகு இந்தக் கணுவிலையிருந்து ஒரு கயிறு இறங்கும். பார்க்க நரம்பு மாதிரி, ஆனால் சதைதான். அது இரண்டாப் பிரிஞ்சு, வேர் மாதிரிக் கீழறைச் சுவரெல்லாம் படரும். அதாலைதான் கீழறை முழுக்க ஒரே நேரத்திலை சுருங்குது. அந்தப் பெரிய கோபுரம் அது. எல்லாருக்கும் ஒரு மேடு வந்தா, பின்னாலையே ஒரு கோபுரம் வரும்."

பென்சிலால் நடுக்கணுவின் அருகே ஒரு குறுக்குக் கோடு போட்டார்.

"உங்களுக்கு இந்த இடத்திலை வழி இல்லை. மேலறை சொல்லுறது கீழறைக்குக் கேக்காது."

"அறுந்துபோச்சா?"

"அறுந்திருந்தால் நான் இப்படி ஆறுதலா இருந்து கதைக்க மாட்டன். வயசு போன ஆக்களுக்குச் சில வேளை அறும். அவைக்குத்தான் திடீர் திடீரெண்டு மயக்கம் வரும், ஆபத்தும் வரும். ஊசி போட்ட டொக்டர் படிச்சது அதைத்தான், பயந்ததும் அதுக்குத்தான். அவரிலை பிழை சொல்லேலாது. இந்தக் கணு இருக்கெண்டு ஒரு ஜப்பான்காரர் எழுதியே முப்பது வருசம்தான் ஆகுது. உங்களுக்கு அந்த வழி பிறக்கேக்கையே போடப்படேல்லை எண்டு நினைக்கிறன். ஜெரஜாக்கிலை ஒரு டொக்டர் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினது அதைத்தான் இருக்க வேணும்."

ஹபீபா பீவி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு விஷயம் பிடிபடவில்லை.

"மேல சொல்றது கீழ கேக்காதுன்னா, கீழ இருக்கிறது யாரைக் கேட்டுத் துடிக்குது?"

"யாரையும் கேக்கேல்லை. மேலையிருந்து செய்தி வராட்டில், கீழை இருக்கிற இடம் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துத் தானே தொடங்கும். நெஞ்சுச் சதைக்கு அந்தக் குணம் உண்டு. மேலை வேகம் கூட, கீழை வேகம் குறைவு, அவ்வளவுதான். உங்கடை கோபுரம் ஒல்லியா, நேரா நிக்குது பாருங்கோ. கயிறு பிரியிறதுக்கு முன்னமே மின்சாரம் பிறந்து, இரண்டு கிளையிலையும் ஒழுங்காப் போகுது எண்டு அர்த்தம். இன்னும் கீழை பிறந்திருந்தால் அகலமாக் கோணிக்கொண்டு நிக்கும். அப்பத்தான் எனக்குப் பயம்."

ஹபீபா பீவி தாளிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"அப்ப நான் சாக மாட்டேனா டொக்டர்?"

"அது உங்கடை அல்லாவுக்குத்தான் தெரியும்" என்று டாக்டர் சிரித்தார். "எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன். இது பற்றி எங்களுக்குத் தெரியாதது இன்னும் கனக்க இருக்கு. ஆனால் நாற்பது வருசத்துக்கு மேலை அந்தக் கீழறை ஒரு நாளும் தவறேல்லை. அரைச்சிருக்கிறியள், பிள்ளை பெத்திருக்கிறியள். நாளைக்கு நிண்டுபோகும் எண்டு சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கேல்லை. மேட்டிலை ஏறேக்கை மெதுவா ஏறுங்கோ. மற்றபடி உங்கடை வேலையைப் பாருங்கோ."

ஹபீபா பீவி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஷரீஃபா அழுகிறாள் என்று நினைத்துக் குனிந்தாள். தாய் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்புக்கு நடுவில் கண்ணீரும் வந்தது, ஆனால் அது சிரிப்புதான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டதும் வந்த காரியம் அவள் நினைவுக்கு வந்தது. "இவ பிள்ளையைப் பாருங்க டொக்டர். அதுக்காகத்தான் வந்தேன்."

டாக்டர் நர்ஸை அழைத்து, ஷரீஃபாவைத் திரைக்குப் பின்னால் படுக்க வைத்தார். கொம்பு மாதிரி ஒரு மரக்குழலை அவள் வயிற்றில் வைத்து அவரே முதலில் கேட்டார். பிறகு, "பாட்டியும் கேக்கட்டும்" என்று ஹபீபா பீவிக்கு இடம் விட்டார். அவள் குனிந்து காதை வைத்தாள். முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு வெகு ஆழத்திலிருந்து ஒரு சத்தம் மேலே வந்தது. தடதடவென்று, மூச்சு விடாமல், யாரோ துரத்துவதுபோல.

அவள் நிமிர்ந்து, "ஏன் டொக்டர் இந்த ஓட்டம் ஓடுது?" என்றாள்.

"வயித்துப் பிள்ளைக்கு அப்பிடித்தான் ஓட வேணும். அதுக்கு எல்லா வழியும் ஒழுங்கா இருக்கு."

ஷரீஃபா கண்ணை மூடிக்கொண்டு அல்ஹம்துலில்லாஹ் என்றாள். அந்தப் பயத்தை அவள் எத்தனை நாளாக வயிற்றோடு சேர்த்துச் சுமந்திருந்தாள் என்பது தாய்க்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஹபீபா பீவி வீட்டுக்குள் நுழையவில்லை. மகளை வாசலில் இறக்கிவிட்டு நேராகத் தம்பியின் கடைக்குப் போனாள். அப்துல் காதர் ஒருவருக்குத் தொப்பி அளவு பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவைக் கண்டதும் தொப்பியைக் கீழே போட்டான்.

"குழவியை எங்கடா வச்சிருக்கே?"

அத்தர்ப் பெட்டிகளுக்குப் பின்னால் சாக்கோடு கிடந்தது. அவள் குனிந்து இடுப்பில் ஏற்றிக்கொண்டு தெருவில் இறங்கினாள். அப்துல் காதர் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தான்.

"அக்கா, சொன்னாக் கேளு. நான் தூக்கிட்டு வர்றேன். ரிக்‌ஷாவாச்சும் பிடிக்கிறேன்."

"நீ தூக்கினா உனக்கு மூச்சு வாங்கும். குடையை எனக்குப் பிடிக்காதே, உனக்குப் பிடி."

நடந்துகொண்டே அவனுக்கு எல்லாவற்றையும் சொன்னாள். கணுவையும் கயிற்றையும் மேட்டையும் கோபுரத்தையும் தனக்குப் புரிந்த வரிசையில் சொன்னாள். அவனுக்குப் பாதி புரிந்தது. சந்து முனையில் நின்று, "அப்ப அது நிக்காதா?" என்று கேட்டான்.

"எல்லாருக்கும் ஒரு நாள் நிக்கும். எனக்குச் சீக்கிரம் நிக்கும்னு யாரும் எழுதி வைக்கலை."

அவன் அங்கேயே குடையை மடக்கிவிட்டு ஆச்சே தெருவுக்குப் போனான். ஷேக் முதலில் தயங்கினார். ஊசி போட்ட டாக்டர் சொன்னது அவர் காதுக்கும் வந்திருந்தது. மறுநாள் அப்துல் காதர் அவரைக் கார்த்திகேசு டாக்டரிடமே அழைத்துப் போனான். திரும்பி வரும்போது ஷேக் தன் மணிக்கட்டையே பிடித்துப் பார்த்துக்கொண்டு வந்தாராம். பெயர்கள் இரண்டும் மறுபடியும் சேர்ந்தன.

ஷரீஃபாவுக்குப் பிரசவ நேரத்தில் தான் இருக்க முடியாதே என்ற கவலை ஒன்று ஹபீபா பீவிக்கு இருந்தது. அதற்கு மகளின் மாமியார் ஈப்போவிலிருந்து வந்துவிட்டாள். "நீங்க போங்கம்மா. எங்களுக்கு எல்லாம் துஆ கேக்கணும்னு ஊரே உங்ககிட்ட சொல்லி வச்சிருக்கு" என்றாள் ஷரீஃபா.

ரமலான் கழிந்து சில நாளில் கப்பல் ஏறினார்கள். கப்பல் சபாங் தீவைத் தாண்டியதும் கடல் புரட்டத் தொடங்கியது. மேல்தளம் முழுக்கப் பெண்கள் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தார்கள். கப்பல் டாக்டர் ஒவ்வொருவராகக் கை பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். ஹபீபா பீவியின் கையைப் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். கடிகாரத்தை எடுத்தார். இரண்டாம் தடவை எண்ணும்போது அவர் முகம் வெளுத்தது. பக்கத்தில் அப்துல் காதரும் வெளுத்தான்.

ஹபீபா பீவி எழுந்து உட்கார்ந்தாள். "ஜங்ஙான் தாக்கோட், துவான்" என்று மலாயில் அவருக்கு ஆறுதல் சொன்னாள். பயப்பட வேண்டாம், தனக்குப் பிறந்ததிலிருந்தே அப்படித்தான், மேலறை சொல்வது கீழறைக்குக் கேட்காது, ஆனால் அது தன் பாட்டில் ஒழுங்காக நடக்கும் என்று நிதானமாக விளக்கினாள். டாக்டர் அவள் கழுத்தை உற்றுப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையாட்டிவிட்டு அடுத்த பெண்ணிடம் போனார். கரை சேரும் வரைக்கும் தினமும் ஒருமுறை வந்து அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். பயத்தினால் அல்ல என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

மக்காவில் அவள் எல்லாவற்றையும் செய்தாள். ஸபா, மர்வா குன்றுகளுக்கு இடையே மற்றவர்கள் விரைந்தபோது அவள் தன் நடையில் நடந்தாள். மேடு வந்த இடத்தில் நின்றாள், மூச்சு ஆறியதும் ஏறினாள். காமாரியாவின் மகனுக்குத் துஆ கேட்டாள். டிஸ்பென்சரி டாக்டருக்கும் கேட்டாள். பெயர் தெரியாததால், "என் கையை மூணு தடவை பிடிச்சுப் பாத்த பிள்ளைக்கு" என்று கேட்டாள்.

திரும்பி வந்து பினாங்கில் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. மருமகன் துறைமுகத்துக்கு வந்திருந்தான். ஆண்பிள்ளை, சுகப்பிரசவம் என்றான். வீட்டுக்கு வந்ததும் ஷரீஃபா பிள்ளையைத் தாயின் கையில் கொடுத்தாள். கனமான பிள்ளை, தலை நிறைய முடி. ஹபீபா பீவி அவன் காதருகே பிஸ்மி சொல்லி, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் நெஞ்சில் காது வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பசி வந்து அவன் கத்தத் தொடங்கினான். தாயிடம் கொடுத்துவிட்டு, பயணத் துணிகளைத் துவைக்க எடுத்துக்கொண்டு ஹபீபா பீவி குளிக்கப் போனாள்.